ஒப்பமல்லாத கப்பி

கணிதப் பிரிவில் உயர்தரம் பயின்றவர்கள் இரண்டு பொருள்களை ஒருபோதும் மறக்கமாட்டார்கள். ஒன்று, இலேசான நீளா இழை. மற்றையது, ஒப்பமான கப்பி. என் அண்ணன் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலத்தில் இவ்விரண்டையும் உரத்துச் சொல்லிக்கொண்டே கணக்குச் செய்வார். அடுத்த அறையில் இருந்து படித்த எனக்கு அவை ஏதோ செய்யுளடிகள் போலக் கேட்கும். நிறையில்லாத இழையும் உராய்வில்லாத கப்பியும் உலகில் எங்கே இருக்கின்றன என்று ஒருநாள் அவரிடம் வினவினேன். "சோதினைத் தாளிலை மட்டுந்தான் இருக்கு" என்றார்.

கலைப்பீடத்துக்கு வந்த எனக்குக் கப்பி என்றால் கிணற்றுக் கப்பிதான். மற்றொரு கப்பியை நான் கையிலெடுக்க நேர்ந்தது 2024ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையிலாகும். அது எங்கள் காரினுடைய கப்பி. உராய்வை இழந்து, பாடநூல் விரும்புமாப்போல் ஒப்பமாகிவிட்டிருந்தது. அதுவே அதன் நோய். அந்தக் கப்பியை வீட்டு முற்றத்தில் வைத்து மாற்றிய கதையையே இங்கு எழுதத் துணிகின்றேன். இலக்கிய ஆராய்ச்சிகள் இடம்பெறும் ஏட்டில் இதற்கென்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். அக்கேள்விக்குரிய விடையைக் கட்டுரையின் இறுதியில் தர முயல்வேன்.

எங்கள் வீடு வட்டக்கச்சியில் உள்ளது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் குடியேற்றக் கிராமங்களுள் அதுவும் ஒன்று. அப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். கார், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ 60 வகையைச் சேர்ந்தது. 1961 முதல் 1969 வரை இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்ட அவ்வகை, வடபகுதியில் மணமக்களின் ஊர்வலத்துக்கும் நோயாளரின் வைத்தியசாலைப் பயணத்துக்கும் ஒருங்கே உதவி வந்துள்ளது. எங்கள் கார் என்னிலும் ஏறக்குறைய நாற்பது வயது மூத்தது. இவ்வளவு முதிய வண்டியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பல்கலைக்கழக நண்பர்கள் கேட்பதுண்டு. 2020ஆம் ஆண்டு பங்குனியில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களுக்கும் விலை ஏறிற்று. புதியதொன்றை எண்ணிப் பார்ப்பதற்கும் எங்களுக்கு வசதி இருக்கவில்லை.

2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் அப்பாவின் வலக்கை மூன்று விரல்களை இழந்தது. எஞ்சிய பெருவிரலும் சுட்டுவிரலும் சுக்கானைப் பற்றப் போதும்; இறுகிய ஆணியைத் திருகப் போதா. ஆதலால் வண்டியின் திருத்த வேலைகளுக்கு அண்ணனே அவருடைய கையாக இருந்தார். பொறியியற் பீட அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைச் சிறிதளவால் தவறவிட்ட அண்ணன், அக்கணிதத்தையெல்லாம் அந்த ஒரு காரிலே செலவிட்டார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அவரையும் விடவில்லை. கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று அட்டைக் குறியீட்டால் அளந்து கொடுத்த அந்நாள்களில், வாடகை ஓட்டம் இரண்டு பேருக்குச் சோறு போடாது என்பதை உணர்ந்து அவர் கட்டாருக்குச் சென்றார். போகுமுன் கருவிகளை எல்லாம் எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி வைத்தார். இரண்டு ஆண்டுகளாக அத்துணியை எவரும் அவிழ்க்கவில்லை.

நான் விடுமுறைக்கு வீடு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அப்பா என்னை ஏற்றிவரக் கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். கார் புறப்பட்டதும் அதன் முகப்பிலிருந்து காதைத் துளைக்கும் கீச்சொலி எழுந்தது. "பெல்ற் கத்துது" என்றார் அப்பா. கராச்சுக்களில் வழங்கும் அந்தச் சொற்றொடரை அன்றுதான் கவனித்துக் கேட்டேன். முன்விளக்கைப் போட்டவுடன் ஒலி இன்னுங் கூடியது. கருவிப் பலகையிற் சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கென்று எரிந்தது. பற்றரிக்கு மின்னேறவில்லை என்பதே அவ்விளக்கின் பொருள்.

பகற் பயணமென்றால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் அதிகாலை 4 மணிக்கு அப்பா ஓரிடத்துக்குப் போக வேண்டும். சிறுநீரகங்கள் செயலிழந்த எங்கள் அயல்வீட்டுப் பெரியையாவைக் குருதிச் சுத்திகரிப்புக்காக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு அவருடையது. ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரம். அவ்வேளையில் விளக்கின்றி ஓட இயலாது. மின்னேறாத பற்றரியோடு விளக்கைப் போட்டு ஓடினால், ஆனையிறவு வெளியிலே இருபுறமும் நீர் சூழ்ந்த இருட்டில் கார் நின்றுவிடக்கூடும். அருகிலிருந்த கராச்சில் வியாழனுக்கு முன் பார்க்க நேரமில்லை என்றார்கள்.

மாலையில் அப்பா கருவிப் பொதியை எடுத்து வந்து என்முன் வைத்தார்.

"நீ செய், பிள்ளை. நான் சொல்லுறன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதப்பா."

"தெரியாதெண்டபடியாத்தான் சொல்லுறன் எண்டனான்."

முன்மூடியைத் திறந்தோம். எஞ்சினின் முகத்தில் மூன்று கப்பிகள் முக்கோணமாக அமைந்திருந்தன. அடியில் உள்ளது எஞ்சினின் சுழல்தண்டோடு பூட்டப்பட்டது. மேலே உள்ளது குளிர்நீரைச் சுற்றவிடும் பம்பியையும் விசிறியையும் சுழற்றுவது. பக்கத்தில் உள்ளது மின்பிறப்பாக்கிக்கு உரியது. ஒரே பட்டி இம்மூன்றையும் தழுவி ஓடுகின்றது. ஆகவே பட்டி வழுக்குமாயின் மின்னுங் குறையும். நீரோட்டம் தளர்ந்து எஞ்சினுஞ் சூடாகும்.

பட்டி எவ்வாறு கப்பியைப் பற்றிக்கொள்கின்றது என்பதை அப்பா ஒரு பழைய பட்டித் துண்டைக் கையில் வைத்து விளக்கினார். அதன் குறுக்குவெட்டு மேலே அகன்று கீழே ஒடுங்கியது. கப்பியின் பள்ளமும் அவ்வாறே. பட்டி பள்ளத்தின் அடியிற் படிந்து ஓடுவதன்று. இரு சுவர்களுக்குமிடையில் ஆப்பிறுகினாற்போல நின்று, சுவர்களையே பற்றிக்கொண்டு ஓடுகின்றது. அன்றிரவு அண்ணனின் பழைய குறிப்பேட்டை எடுத்து இதற்குக் கணக்கும் பார்த்தேன். சுவர்களுக்கிடைக் கோணம் 38 பாகையாயின், பட்டியை உள்நோக்கி இழுக்கும் விசையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் சுவர்களிலே விழுகின்றது. அந்த அழுத்தம் தரும் உராய்வே வண்டிக்கு மின்னைத் தருகின்றது. சுவர்கள் தேய்ந்து பள்ளம் அகன்றால் பட்டி கீழிறங்கி அடியைத் தொட்டுவிடும், ஆப்பு தளரும், வழுக்கலுங் கீச்சொலியும் தொடங்கும்.

எங்கள் கப்பியின் அடி, கண்ணாடிபோல் ஒளிர்ந்தது. நான் அதை அழகென்று எண்ணினேன்.

"பாக்க வடிவாத்தான் இருக்கு," என்றார் அப்பா. "மினுங்குதெண்டால் வழுக்குதெண்டு அர்த்தம்."

இக்கப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. ஏ 60 கார் வெளிவந்தபோது அதிற் பூட்டப்பட்டிருந்தது 'டைனமோ' எனப்படும் நேரோட்டப் பிறப்பாக்கி. லூக்காஸ் நிறுவனத்தார் செய்த அது, உச்ச அளவில் 22 அம்பியர் மின்னோட்டந் தரவல்லது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதனால் போதிய மின்னைத் தர இயலாது. பின்னர் வந்த 'ஓல்ரனேற்றர்' என்னும் ஆடலோட்டப் பிறப்பாக்கியோ மெதுவான ஓட்டத்திலும் மின் தருவது. இரண்டும் 1831ஆம் ஆண்டிலே பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியின் பிள்ளைகளே. பின்னதில் காந்தஞ் சுழல, அதனைச் சூழ்ந்த சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கின்றது. அதனை இருவாயிகள் நேரோட்டமாக மாற்றிப் பற்றரிக்கு அனுப்புகின்றன. அமெரிக்காவிற் கிறைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டிலேயே தன் வலியன்ற் காரில் இதனைப் பூட்டியது. எங்கள் காருக்கு இது வந்து சேர்ந்தது 2015ஆம் ஆண்டில். அண்ணன், பாவித்த யப்பானியப் பிறப்பாக்கி ஒன்றை வாங்கிப் பூட்டினார். அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றைப்போல எங்கள் காரிலும் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதனை எதிர்முனைக்கு மாற்றாமற் புதியதைப் பொருத்தினால் இருவாயிகள் கணத்தில் எரிந்துவிடும். அண்ணன் அதையும் முறைப்படி மாற்றினார். யப்பானியப் பிறப்பாக்கியோடு வந்த கப்பி, நுண்ணிய பல பள்ளங்களைக் கொண்டது. எங்கள் ஒற்றைப் பட்டிக்கு ஒவ்வாதது. ஆகவே, கடைசற் பட்டறை ஒன்றில் அலுமினியத்தில் ஒரு கப்பி கடைந்து போட்டார். அலுமினியம் மென்மையானது. அதன் ஆயுள் ஒன்பது ஆண்டுகள்.

அப்பா சொல்லச் சொல்லச் செய்தேன். முதலிற் பற்றரியின் உடலிணைப்பைக் கழற்றினேன். பிறப்பாக்கியை நிறுத்தியிருந்த மேற்புயத்தின் ஆணியையும் கீழாணிகளையும் தளர்த்தி, அதனை எஞ்சின் பக்கமாகத் தள்ளினேன். பட்டி தொய்ந்து கழன்றது. கம்பிகளைக் கழற்றுமுன் எது எங்கிருந்தது என்பதைத் தாளிற் கீறிக்கொண்டேன். இவ்வொன்றை மட்டும் நான் கேளாமலே செய்ததால் அப்பா தலையசைத்தார். பிரித்தானியக் காரின் ஆணிகளுக்கு அங்குல ஸ்பனர், யப்பானியப் பிறப்பாக்கிக்கு மில்லிமீற்றர் ஸ்பனர் என்று இருவகைக் கருவிகள் வேண்டியிருந்தன. இரு நாடுகளை ஓர் இரும்புத் தட்டால் இணைத்துவைத்த அண்ணனின் நிதானம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறப்பாக்கி கையில் வந்தது. கப்பியைப் பிடித்திருக்கும் 'நட்' என்னுஞ் சுரையைக் கழற்றுவதே கடினமான வேலை. ஸ்பனரைப் போட்டுத் திருகினால் கப்பியுஞ் சேர்ந்து சுழலும். கராச்சுக்களிற் காற்றழுத்தத் துவக்கு ஒன்றால் இதனை நொடியிற் கழற்றுவார்கள். எங்களிடம் இருந்தது மரப்பலகையிற் பூட்டிய பழைய 'வைஸ்' ஒன்றே. கப்பியை நேரே அதன் இரும்புத் தாடைகளிற் கௌவினால் விளிம்பு நசுங்கும். விசிறியின் இதழ்களுக்கிடையிற் கம்பி செருகினால் இதழ் உடையும். அப்பா வேறொரு வழி சொன்னார். பழைய பட்டியைக் கப்பியின் பள்ளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் இரு நுனிகளையுஞ் சேர்த்து வைஸில் இறுக்கச் செய்தார். எந்தப் பட்டி கப்பியைச் சுழற்றியதோ அதே பட்டி இப்போது அதனைச் சுழலவிடாது பற்றிக்கொண்டது. ஆயினும் சுரை அசையவில்லை. மூன்று முறை முயன்று உள்ளங்கை தோலுரிந்தது.

"விடு. ராவைக்கு மண்ணெண்ணெயிலை ஊறட்டும்" என்றார் அப்பா.

மண்ணெண்ணெய் என்ற சொல்லோடு அன்றிரவு எங்கள் திண்ணையிற் பழைய காலம் வந்து அமர்ந்துகொண்டது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்ட பின்னர், வடபகுதிக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து முதலாய பொருள்களைக் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டது. அப்பாவிடம் அப்போது ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அது மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் சிறு போத்தல் ஒன்றிற் பொத்திவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் கொடுத்து எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முன்புறத்திற் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே தொடக்குவார்கள். பற்றரியின் வலுவைத் தொடக்கத்துக்குச் செலவிடுவது அக்காலத்தில் ஊதாரித்தனம்.

அந்த நாள்களில் டைனமோவே தங்களைக் காத்தது என்றார் அப்பா. அதற்கொரு நியாயம் உண்டு. டைனமோவின் இரும்பிலே முன்னைய ஓட்டத்தின் காந்தத்தன்மை சிறிதளவு எஞ்சி நிற்கும். அந்த எச்சத்திலிருந்தே அது மறுபடி மின்னை வளர்த்தெடுக்கும். ஓல்ரனேற்றருக்கோ, அதன் காந்தத்தை எழுப்பப் பற்றரியிலிருந்து முதலிற் சிறிது மின் செல்லவேண்டும். "டைனமோ பட்டினி கிடந்தாலும் வேலை செய்யும். இதுக்கு முதல்லை சோறு போடவேணும்" என்று அவர் சொன்னது, நூலில் நான் பின்னர் வாசித்த இரண்டு பக்க விளக்கத்திலும் தெளிவானது.

சைக்கிளையும் அவர் மறக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி, சில்லோடு உரசும் சிறு டைனமோவால் வானொலியை உயிர்ப்பித்து, பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம் அது. வேடிக்கை என்னவெனில், டைனமோ என்று நாம் அழைக்கும் அச்சைக்கிட் கருவி உண்மையில் ஆடலோட்டத்தையே பிறப்பிப்பது. அதனை நேரோட்டமாக்க இருவாயிகளை இணைத்தாக வேண்டும். பாடசாலையைப் பாதியில் விட்ட பையன்களும் பழைய வானொலிகளிலிருந்து இருவாயிகளைக் கழற்றி ஈயம் வைத்து ஒட்டியதை அப்பா கண்டிருக்கிறார். 2002ஆம் ஆண்டு மாசியிற் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டுச் சித்திரையில் ஏ 9 வீதி திறக்கும்வரை இவ்வாழ்க்கை நீண்டது.

2008ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் வட்டக்கச்சியை விட்டுப் புறப்பட்டபோது, அப்பா கருவிப் பெட்டியைச் சாக்கிற் சுற்றி மாமரத்தடியிற் புதைத்தார். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் மாறி மாறிச் சென்ற அப்பயணத்தின் இறுதியில் மொறிஸ் மைனரைக் கடற்கரை மணலில் விட்டு நடந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. காரின் சாவி மட்டும் எங்களோடு வந்தது. இன்றுஞ் சுவாமிப் படத்தட்டில் இருக்கின்றது. 2010ஆம் ஆண்டிலே திரும்பி வந்து தோண்டியபோது பெட்டி அரித்துப் போயிருந்தது, ஸ்பனர்கள் இருந்தன. அவற்றையும் இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தே மீட்டார்களாம். அன்று மாலை என் உள்ளங்கையைக் கிழித்தது அந்தத் துருக்குழிகள்தாம் என்பதை அப்போது அறிந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் சுரை கழன்றது. பெரும்போராட்டம் எதுவுமில்லை, ஸ்பனரின் நுனியிற் குழாய்த் துண்டொன்றை மாட்டி நீட்டி, ஒரே மூச்சில் அழுத்தினேன், 'டக்' என்றது. சுரை, வில்வாசர், கப்பி, அதன் பின்னே ஒரு சிறு இரும்பு வளையம், விசிறி என்று ஒழுங்காகக் கழன்றவற்றைத் துணியொன்றிற் பரப்பினேன். கப்பியைப் பையிற் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன்.

பழைய உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் என்னைக் கண்ட முதலாளி, "வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ, தங்கச்சி?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டதன்று, அவ்வாறு கேட்பதே அங்கு வழக்கம். ஆயினும் போருக்குப் பின்னைய வன்னியில், பெண்களே தலைமை தாங்கும் வீடுகள் எத்தனையோ இருக்கையில், இக்கேள்வி எத்தனை பேரைச் சுட்டிருக்கும் என்று எண்ணினேன். நான் அப்பா எழுதித் தந்த மூன்று அளவுகளைச் சொன்னேன்: தண்டின் தடிப்பு, பள்ளத்தின் மேலகலம், பின்முகத்திலிருந்து பள்ளத்தின் நடுவுக்குள்ள தூரம். அவர் எழுந்து உள்ளே சென்று மூன்று கப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். பையிலிருந்த பட்டித் துண்டை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் அது அடியைத் தொட்டது. இரண்டாவதில் விளிம்புக்கு மேலே துருத்தி நின்றது. மூன்றாவதில் விளிம்போடு சமமாக அமர்ந்தது. அடியில் இடைவெளி இருந்தது. அதைக் கேட்டேன். "படிச்சுத்தான் வந்திருக்கிறியள்" என்று சிரித்தபடி விலையிற் சிறிது குறைத்தார். அது உருக்குக் கப்பி, சாம்பல் நிறம், மினுக்கம் எதுவுமில்லை.

வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஆர்வமும் அவசரமும் ஒன்றாய்க் கூடின. விசிறியைப் போட்டு, கப்பியை ஏற்றி, சுரையை இறுக்கி, பிறப்பாக்கியைக் காரிற் பூட்டினேன். "நூல் பிடிச்சுப் பாத்தனியோ?" என்று அப்பா கேட்டார். மூன்று கப்பிகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும் என முதல்நாளே சொல்லியிருந்தார். நான் குனிந்து கண்ணாற் பார்த்தேன். நேராகவே தெரிந்தது. "பாத்தனான்" என்றேன்.

எஞ்சினைத் தொடக்கினோம். பழைய கீச்சொலி இல்லை. ஆனால் வேறொரு மெல்லிய ஒலி, சில்வண்டு இரைவதைப்போல, விட்டுவிட்டுக் கேட்டது. அப்பா எஞ்சினை நிறுத்தினார். பட்டியின் ஓரத்தைச் சுட்டுவிரலாற் தடவிக் காட்டினார். கரிய தூள் ஒட்டியிருந்தது. அவர் ஏசவில்லை. வீட்டுக்குள்ளே சென்று அம்மாவின் தையற்பெட்டியிலிருந்து நூற்கட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். நூலை அடிக்கப்பியின் முகத்தோடு ஒட்டிப் பிடித்தபோது, புதிய கப்பி இரண்டு மூன்று மில்லிமீற்றர் உள்ளே நிற்பது தெளிவாயிற்று. பட்டி கோணலாக ஓடித் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தது. துணியைப் பார்த்தேன். சிறு இரும்பு வளையம் அதிலே கிடந்தது.

அந்தக் கணத்தில் எனக்கேற்பட்ட வெட்கம் பெரிது. வளையத்தை மறந்தது தவறு. ஆயினும் அது கைத்தவறு. பார்க்காததைப் பார்த்தேன் என்றது வேறு வகை. பல்கலைக்கழகத்தில் மேற்கோளின் மூலநூலைப் பார்க்காமலே அடிக்குறிப்பில் எழுதிவிடுகின்றோம்; எவரும் அதனைக் கண்டுபிடிப்பதில்லை; கண்டுபிடித்தாலும் ஒரு புள்ளி குறையும். இங்கோ, அந்தப் பொய் வீதிக்குச் செல்லும். அரைவழியிற் பட்டி அறுந்தால் பொறுப்பது நானல்லேன். பின்னிருக்கையிற் சாய்ந்திருக்கும் பெரியையா.

மின்சூளை அம்மா பிடிக்க, எல்லாவற்றையும் மீண்டுங் கழற்றினேன். வளையத்தைப் போட்டேன். நூல் பிடித்தேன். நூல் மூன்று கப்பிகளின் முகத்திலும் ஒருசேரப் படிந்தது. 'நூல் பிடித்தாற்போல' என்று கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அத்தொடரின் பொருளை அன்றிரவு 9 மணிக்குத்தான் கற்றேன்.

இறுதி வேலை, பட்டியின் இறுக்கத்தைச் சரிசெய்வது. தளர்ந்தால் வழுக்கும்; மிகையாக இறுகினால் பிறப்பாக்கியினதும் பம்பியினதும் குண்டுப்போதிகைகள் கெடும். மேற்புயத்தின் ஆணியை இறுக்குமுன், கப்பிகளுக்கிடைப்பட்ட நீண்ட பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழவேண்டும். இந்த வேலையை மட்டும் அப்பா எனக்கு விடவில்லை. தமது வலக்கையை நீட்டி, எஞ்சியிருந்த அந்தப் பெருவிரலாலே அழுத்திப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம்" என்றார். இறுக்கினேன். மீண்டும் அழுத்தினார். "காணும்."

எஞ்சின் ஓடியது. சிவப்பு விளக்கு அணைந்தது. பற்றரியில் அளவுக் கருவியை வைத்தபோது, ஓடுமுன் 12.3 வோல்ற்றைக் காட்டியது, இப்போது 14.1 என்றது. முன்விளக்கைப் போட்டும் எண் பெரிதுந் தாழவில்லை. கட்டாரிலிருந்த அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். "என்ன கப்பி, ஒப்பமானதோ?" என்று கேட்டு எழுதினார். "இல்லை, கரடானது, இழையும் நீளும்" என்று பதிலனுப்பினேன்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகின்றேன். எமது கலைச்சொல் அகராதிகள் கப்பி, சுரை, இருவாயி, ஆடலோட்டம் என்று செம்மையான சொற்களைத் தந்துள்ளன. அவை போற்றத்தக்கன. அதேவேளை, பெல்ற் கத்துவதையும், டைனமோ பட்டினி கிடந்து உழைப்பதையும், மினுங்கினால் வழுக்குவதையும் எந்த அகராதியுஞ் சொல்லவில்லை. கலைப்பீடத்தார் வன்னியின் அருவிவெட்டுப் பாடல்களையும் முல்லைத்தீவின் கோவலன் கூத்தையுந் தேடிப் பதிவுசெய்தது பெரும்பணி. அவையும் ஒரு காலத்தில் உழைப்பவரின் வாயிற் கிடந்த சாதாரணப் பொருள்களே. தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவரும், பற்றரியின்றி வானொலி கேட்பித்தவரும், உதிரிப்பாகம் இல்லாதபோது அதனைக் கடைந்து உண்டாக்கியவரும் இன்று முதுமையெய்தி வருகின்றனர். அவர்களது அறிவு கையிலே இருப்பது. கை தளர்ந்தால் அதுவுந் தளரும்; கை போனால் வாய்வழியாகவேனும் அதனை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். என் தந்தையார் சொன்ன ஒழுங்கை, வளையத்தை மறந்த இடத்தையுஞ் சேர்த்து, இலக்கண விரிவுரைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்துள்ளேன். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் தத்தம் வீட்டு முற்றத்திலும் அவ்வாறு சில பக்கங்களை எழுதிவருவார்களாயின், அடுத்த ஆண்டு ஏட்டுக்குக் கட்டுரைப் பஞ்சம் இராது.

செவ்வாய் அதிகாலை 4 மணிக்கு நானும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். பரந்தனைக் கடந்து ஆனையிறவை நெருங்கும்போதும் கிழக்கு வெளுக்கவில்லை. முன்விளக்குகள் வீதியின் வெள்ளைக் கோட்டைச் சீராகக் காட்டிக்கொண்டிருந்தன. பெரியையா பின்னிருக்கையில் உறங்கிவிட்டார். அப்பா நெடுநேரமாக ஒன்றும் பேசவில்லை. அவர் காது எஞ்சினிலேயே இருந்தது. கடைசியில், "ஒண்டுங் கேக்கேல்லை" என்றார்.

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததில்லை.